எட்டு மணிக்கு வரும் வேன்: பள்ளிக் காலை உணவை ஒரு சமையல்காரி சாப்பிட்டுப் பார்த்தது

நான் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். இரண்டும் கீழ்ப்பாக்கம் பக்கம். முதல் வீட்டில் காலை ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் எட்டரைக்கு முடியும். அடுத்த வீட்டில் ஒன்பதிலிருந்து பதினொன்று. உப்புமா, பொங்கல், கிச்சடி எல்லாம் வாரத்தில் நாலு நாளாவது என் கையில் புரளும். அதனால் இந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. புதிதாக ஒரு பிரியாணிக் கடை திறந்தால் மறுநாளே பத்துப் பேர் எழுதிவிடுகிறார்கள். என் பிள்ளைகள் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் சாப்பிடுகிற பந்தியைப் பற்றி, சாப்பிட்டுப் பார்த்து யாரும் எழுதி நான் படித்ததில்லை. கட்சிக்காரர்கள் எழுதுவது வேறு. இது அது இல்லை.

சாப்பாடு என்றால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். இடம் வடசென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. பெயர் வேண்டாம், நாளைக்கு நான்தான் அந்தக் கேட் வழியாகப் போகவேண்டும். மூத்தவன் ஆறாவது, சின்னவள் மூணாவது, இரண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். என் கணவர் கோயம்பேடு மார்க்கெட்டில் லோடு இறக்குகிறார். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினால் காலை ஒன்பதுக்குத்தான் வருவார், வந்ததும் படுத்துவிடுவார். அப்படியானால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் கிடையாது. இந்த மூன்று மணி நேரத்தைத் தெரிந்துகொண்டால்தான் நான் போடும் மார்க் புரியும்.

அது எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முன்னால் நான் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் வேலை செய்தேன். சம்பளம் குறைவு, ஆனால் நடந்தே போகலாம், பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுப் போகலாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. கொரோனா முடிந்து வேலை தேடும்போது, பஸ் காசு இல்லையே, கொஞ்சம் தள்ளிப் போனால் என்ன என்று 2022-ல் கீழ்ப்பாக்கத்தில் பிடித்தேன். சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் இலவசப் பஸ் நாம் நினைத்த நேரத்துக்கு வராது. ஆறரைக்கு அடுப்படியில் நிற்க வேண்டுமானால் ஐந்தே முக்காலுக்கு ஸ்டாப்பில் இருக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன்.

அங்கே போய், அந்த வீட்டுக் குழந்தைக்கு முந்திரி போட்ட பொங்கல், தேங்காய்ச் சட்னி, அதற்குப் பிடிக்காவிட்டால் இரண்டு தோசை. என் வீட்டில் மூத்தவன் தங்கச்சியை எழுப்பி, தலைமாட்டில் நான் வைத்துவிட்டு வந்த இருபது ரூபாயில் டீக்கடையில் பொறையும் பாதி டீயும் வாங்குவான். பல நாள் அவன் பங்கில் டீ மட்டும்தான் என்று பிற்பாடு தெரிந்தது, மிச்சக் காசில் கோலி வாங்கியிருக்கிறான். சோறு வடித்து வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைத்தேன். காலையில் பழைய சோற்றை எந்தக் குழந்தை தானாக எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறது? பூனை சாப்பிட்டது.

திட்டம் 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள்தான். எங்கள் பள்ளி அதில் இல்லை. 2023 ஆகஸ்ட் 25-ல் 31,008 அரசுப் பள்ளிகளுக்கும் என்று வந்தபோது எங்களுக்கும் வந்தது. மூத்தவன் அப்போது நாலாவது, சின்னவள் ஒன்றாவதில் சேர்ந்து இரண்டு மாதம். பஸ் என்னை வீட்டை விட்டுச் சீக்கிரம் கிளப்பிக்கொண்டு போனது, ஒன்றரை வருஷம் கழித்து வேன் வந்து அந்த ஓட்டையை அடைத்தது. நடுவில் போனது பொறையும் டீயும். இரண்டு திட்டமும் ஒரே அரசாங்கம் போட்டதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது என்று எந்த ஃபைலிலும் இருக்காது போல.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். குழுவில் உள்ள அம்மாக்கள் போய்ச் சாப்பாட்டைப் பார்க்கலாம், ருசியும் பார்க்கலாம். கீழ்ப்பாக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும் நாளாகப் பார்த்து நான் இதுவரை ஏழெட்டு முறை போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சென்னையில் இந்தச் சாப்பாட்டைப் பள்ளியில் சமைப்பதில்லை. பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு கூடத்தில் விடிவதற்கு முன்பே சமைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வேனில் அனுப்புகிறார்கள். எங்கள் பள்ளிக்கு எட்டு மணிக்கு வரும். முன்னப்பின்ன பத்து நிமிஷம். இந்த இரண்டரை வருஷத்தில் வேன் வராத நாள் என்று பிள்ளைகள் சொன்னது இரண்டே இரண்டு, அதில் ஒன்று ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற நாள். இந்த ஊரில் நேரத்துக்கு வருகிற பொருள் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். தண்ணி லாரி வருகிறதா?

முதல் முறை நான் போனது ஒரு வியாழக்கிழமை. ரவா உப்புமா, காய்கறி சாம்பார். டப்பாவைத் திறந்ததும் ஆவி வந்தது, பெருங்காய வாசனை வந்தது, சந்தோஷமாக இருந்தது. கரண்டியை உள்ளே விட்டதும் தெரிந்துவிட்டது. உப்புமா கட்டி. ரவையைச் சரியாகத்தான் வறுத்திருக்கிறார்கள், நாக்கில் ஒட்டவில்லை, பச்சை வாடை இல்லை. தப்பு சமையலில் இல்லை. உப்புமாவை இறக்கிய பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். மூடி போட்ட டப்பாவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அது தன் ஆவியிலேயே வெந்து, கத்தி வைத்து வெட்டலாம் என்கிற பதத்துக்கு வந்துவிடும். சேமியா இன்னும் மோசம், எவ்வளவு சாம்பார் ஊற்றினாலும் குடித்துவிட்டுக் கூழாக நிற்கும். பரிமாறுகிற அக்கா கரண்டியின் முனையால் வெட்டி வெட்டித் தட்டில் போட்டார். ஒரு வாண்டு தன் துண்டை எடுத்து, "மிஸ், கேக்" என்று காட்டினான்.

கிச்சடி நாள் வேறு கதை. காய் இருக்கிறது, ரவை கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, அதனால் ஆறினாலும் உதிர்கிறது. கேரட், பீன்ஸ் பொடியாக அரிந்திருக்கிறார்கள். ஆயிரம் பிள்ளைக்குக் காய் அரிகிற இடத்தில் இவ்வளவு பொடியாக அரிவது சின்ன விஷயமில்லை. பெரிதாக இருந்தால் பிள்ளைகள் பொறுக்கி ஓரம் வைத்துவிடும், பொடியாக இருந்தால் தெரியாமல் உள்ளே போய்விடும். இதை யோசித்தவர் கட்டாயம் பிள்ளை பெற்றவராகத்தான் இருக்க வேண்டும். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் மட்டும் எல்லாத் தட்டின் ஓரத்திலும் வரிசையாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது பொங்கல். 2025-ல் அரிசி உப்புமாவை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமைக்குப் பொங்கல் சாம்பார் என்று மாற்றினார்கள். அரிசி உப்புமா நல்ல பண்டம்தான். எங்கள் ஆயா வெண்கலப் பானையில் கிளறினால் அடியில் தீய்ந்த காந்தலுக்குச் சண்டை நடக்கும். ஆனால் வேனில் வந்த அரிசி உப்புமா தொண்டையில் இறங்காது. மாற்றியது சரி. பொங்கலைக் கொஞ்சம் தண்ணியாகவே அனுப்புகிறார்கள். வழியில் இறுகும் என்று கணக்குப் போட்டு, பள்ளிக்கு வரும்போது சரியான பதத்தில் இருக்கிற மாதிரி. தொழில் தெரிந்த கை. மிளகை முழுசாகப் போடாமல் உடைத்துப் போட்டிருந்தால் இன்னும் அரை மார்க் கூடப் போட்டிருப்பேன். முழு மிளகைப் பிள்ளைகள் துப்பித் துப்பி, பந்தி முடிந்ததும் தரையெல்லாம் கறுப்புப் புள்ளி.

சாம்பாரில் பருப்பு இருக்கிறது. சில நாள் அடியில், சில நாள் மேலே. கலக்கிவிட்டு ஊற்றும் அக்கா வந்தால் எல்லாருக்கும் கிடைக்கும், கலக்காத அக்கா வந்தால் கடைசி வரிசைக்கு அதிர்ஷ்டம். மற்ற ஊர்களில் பள்ளியிலேயே மகளிர் குழு அக்காக்கள் சமைக்கிறார்கள், சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் என் ஓர்ப்படியின் ஊரில் பார்த்தேன். அடுப்பிலிருந்து தட்டுக்கு இருபது அடி தூரம். உப்புமா உப்புமாவாக இருந்தது. தன் பிள்ளையும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எந்த அம்மாவும் உப்பு பார்க்காமல் இறக்க மாட்டாள். சென்னையில் எல்லாப் பள்ளியிலும் அடுப்படிக்கு இடம் கிடையாது என்பது எனக்கும் புரிகிறது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கவே இடம் போதாது. இருந்தாலும் அந்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு வந்து இந்த உப்புமாவைச் சாப்பிடும்போது மனசு கேட்கவில்லை.

அளவுதான் என் பெரிய குறை. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அப்புறம் காய். இதுதான் கணக்கு. 50 கிராம் ரவை கிளறினால் என் கரண்டிக்கு இரண்டு கரண்டி உப்புமா வரும். ஒன்றாவது படிக்கும் குழந்தைக்கு அது தாராளம், சின்னவள் முதல் வருஷம் பாதியை வைத்துவிட்டு வருவாள். ஐந்தாவது படிக்கும் பையனுக்கு அது பல்லிடுக்குக்குக் காணாது. பத்து வயதுப் பையன் காலையில் எவ்வளவு சாப்பிடுவான் என்று ஆண்பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். சின்ன வகுப்பில் மிஞ்சுவது பெரிய வகுப்புக்குப் போகும், கேட்டால் இரண்டாம் முறையும் உண்டு. பரிமாறும் அக்காவின் கண் அளவுதான் உண்மையான அளவு.

நேரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ருசிக்கு மூன்று, திங்கட்கிழமை மட்டும் நாலு. சுத்தத்துக்கு நாலரை, டீச்சர் ஒருவர் முதலில் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பந்தி. அளவுக்கு, ஒன்றாவதுக்கு ஐந்து, ஐந்தாவதுக்கு இரண்டு. ஆறாவதுக்குப் பூஜ்யம்.

பூஜ்யம் ஏன் என்றால், திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது.

போன ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள். மூத்தவன் ஆறாவது. அதே கேட், அதே வராண்டா, அதே வேன். வழக்கம்போல எட்டு மணிக்குத் தங்கச்சியோடு போய், கை கழுவி, தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் வெட்கம். பரிமாறும் அக்கா அவனிடம் வந்து, "நீ ஆறாவது ஆயிட்டல்ல கண்ணா" என்று சொல்லியிருக்கிறார். திட்டவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது, வருகைப் பதிவு எண்ணிக்கைக்குத்தான் டப்பா வருகிறது. "இரு, மிஞ்சினா தரேன்" என்றும் சொன்னாராம். இவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு மிஞ்சியது, கூப்பிட்டார்கள், போகவில்லை. பதினோரு வயதுப் பையனுக்கு மிச்சத்துக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது.

எனக்கு இது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும், அதுவும் சின்னவள் சொல்லித்தான். அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு போய் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறாள். டப்பாவில் போட்டு எடுத்துப் போகக் கூடாது என்பது பள்ளியில் சொல்லிவைத்திருப்பது. ஒரு நாள் டீச்சர் பார்த்துவிட்டார். "எங்கடி எடுத்துட்டுப் போற?" "அண்ணனுக்கு மிஸ்." டீச்சர் ஒன்றும் சொல்லாமல் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டாராம். அந்த டீச்சருக்கு ஐந்துக்குப் பத்து.

இதை என் அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் அவர் சொன்னார். எம்.ஜி.ஆர். சத்துணவு 1982 ஜூலையில் கிராமங்களில் வந்தது, செப்டம்பரில் பட்டணத்துக்கும் வந்தது. முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஆறாவது. சித்திக்கு எட்டு வயது, மூணாவது. வியாசர்பாடியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் பள்ளிக்குப் போனார்கள். சித்திக்குச் சோறு, அம்மாவுக்கு இல்லை. சித்தி பாவாடை மடிப்பில் சோற்றுருண்டையை மறைத்து எடுத்துவந்து கொடுப்பாளாம். "சாம்பார் ஊத்தின சோத்தைப் பாவாடையில எடுத்துட்டு வருவா, வீட்ல அதுக்கு வேற அடி வாங்குவா" என்று அம்மா சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, 1984 செப்டம்பரில், பத்தாவது வரைக்கும் சத்துணவு என்று நீட்டித்தார்கள். அம்மா அதற்குள் பள்ளியை விட்டு அப்பளக் கம்பெனிக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த நீட்டிப்பால்தான் இன்று என் மூத்தவனுக்கு மதியம் சோறும் முட்டையும் கிடைக்கிறது. இதை நான் மறக்கவில்லை. நான் இரண்டாவது வேலை செய்யும் வீட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார், இதை எழுதும்போது எழுத்துப் பிழை பார்த்துத் தருபவரும் அவர்தான். அவர் ஒரு படி மேலே போய், 1920-லேயே நீதிக்கட்சிக் காலத்தில், தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள் என்கிறார். ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்காம். நூறு வருஷமாக இந்த ஊரில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் யாராவது ஒரு கோடு போடுகிறார்கள், பிற்பாடு யாராவது அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்கள். "தள்ளிப் போட்டுக்கிட்டேதாம்மா வந்திருக்காங்க, இதுவும் தள்ளும்" என்றார் சார். அவருக்குப் பென்ஷன் வருகிறது, காத்திருக்கலாம்.

கோடு வகுப்பில் மட்டும் இல்லை. எங்கள் மாடிப்படிக்கு எதிர்வீட்டில் என் நாத்தனார் குடும்பம். அவள் மகன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. 2024 ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு வந்தது. பட்டணத்துப் பள்ளிகளுக்கு வர 2025 ஆகஸ்ட் 26 ஆனது. மயிலாப்பூரில் தொடங்கினார்கள், பஞ்சாப் முதலமைச்சர்கூட வந்திருந்தார், டிவியில் பார்த்தோம். அதுவரை இரண்டு வருஷம், ஒரே படிக்கட்டில் இறங்குகிற இரண்டு பிள்ளைகளில் என் மகளுக்குப் பள்ளியில் பொங்கல், அவனுக்குப் பொறை. "ஏன் அத்தை, எங்க ஸ்கூல் தமிழ்நாட்டுல இல்லியா?" என்று அவன் ஒரு நாள் என்னைக் கேட்டான். நாத்தனாருக்கு என் மேல் வருத்தம்கூட இருந்தது, ஏதோ நான் வேனைத் தடுத்துவிட்ட மாதிரி. இப்போது சரியாகிவிட்டது. இரண்டு வாண்டுகளும் சாயங்காலம் எந்தப் பள்ளி சாம்பார் நல்ல சாம்பார் என்று சண்டை போடுகின்றன.

இன்னொரு குறை சமையல் சம்பந்தப்பட்டதில்லை, வானம் சம்பந்தப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் மழை லீவு. அறிவிப்பு சில நாள் முந்தின ராத்திரி வரும், சில நாள் விடியற்காலை ஆறு மணிக்கு வரும். ஆறு மணிக்கு நான் பஸ்ஸில் இருப்பேன். பிள்ளைகள் துள்ளுவார்கள். எனக்கு உடனே கணக்கு ஓடும். காலை உணவு போச்சு, மதியச் சத்துணவு போச்சு, முட்டை போச்சு, ஆளுக்கு இரண்டு வேளை. அவர் லோடு இல்லாமல் திரும்பி வருவதும் அதே மழை நாளில்தான். மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். பாடத்துக்கு ஈடு கட்டலாம், செவ்வாய்க்கிழமைப் பசிக்குச் சனிக்கிழமை சாப்பிட முடியுமா?

மழை நாளில் எங்களைக் காப்பாற்றுவது அம்மா உணவகம்தான், அதையும் இங்கே சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. 2013-ல் வைத்த விலை, இன்றைக்கும் அதுதான். எங்கள் பக்கத்து உணவகத்தில் இட்லி சில நாள் கல், சாம்பார் பெரும்பாலும் தண்ணி, மேல்கூரை ஒரு இடத்தில் ஒழுகும். ஆனாலும் மூத்தவன் குடை பிடித்துக்கொண்டு தங்கச்சியோடு போய், இருபது ரூபாயில் இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு மீதியும் கொண்டுவருவான். அங்கே எந்த வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ஆட்சி வைத்தது அது, இன்னொரு ஆட்சி வைத்தது இது. எனக்கு இரண்டு தட்டும் வேண்டும், யார் படம் ஒட்டியிருந்தாலும் சரி.

இப்போது ஆறாவதுக்காரனுக்கு என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். நாலே முக்காலுக்கு எழுந்து தக்காளிச் சாதமோ புளிச் சாதமோ கிளறி டப்பாவில் போட்டு, பைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். பைக்குள் வைத்தால் பூனை எடுக்காது. பள்ளிக்குப் போய் மாமரத்தடியில் சாப்பிடுகிறான். இன்னும் நாலைந்து ஆறாவது, ஏழாவதுப் பையன்கள் அங்கே சேர்கிறார்கள், சிலர் டப்பாவோடு, சிலர் சும்மா. சும்மா வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நான் அரை ஆழாக்கு கூடப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எனக்குத் தூக்கம் ஐந்தரை மணி நேரம்.

அக்டோபர் மாதம் குழுக் கூட்டம் நடந்தது. கழிவறைத் தண்ணீர், சுற்றுச்சுவர், இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டே போனார்கள். நின்றுவிட்ட இரண்டு பேரும் ஏழாவது. ஒருவன் மாமரத்தடி கோஷ்டியில் சும்மா வருகிறவன், எனக்கு முகம் தெரியும். இப்போது மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறானாம். காலைச் சாப்பாடு இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் வீட்டில் என்னென்ன பிரச்சினையோ. ஆனால் எட்டு மணிக்குப் பள்ளிக்கு வர அவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

நான் கையைத் தூக்கினேன். "டீச்சர், ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் காலைச் சாப்பாடு வேணும்னு தீர்மானம் எழுதணும்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இது நம்ம கையில இல்லம்மா."

"தெரியும் டீச்சர். எழுதி மட்டும் வைங்க."

எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. நான் கீழே கையெழுத்துப் போட்டேன், இன்னும் பதினோரு அம்மாக்கள் போட்டார்கள், ஒருவர் கைநாட்டு வைத்தார்.

வெளியே வந்தால் மூத்தவன் வாசலில் நிற்கிறான். "என்னம்மா எழுதினாங்க?"

"ஆறாவது, ஏழாவதுக்கும் வேன்ல சாப்பாடு வேணும்னு எழுதியிருக்கோம்."

அவன் விரல் விட்டு எண்ணினான். "அதுக்குள்ள நான் எட்டாவது முடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.